ஏரிப் படகுக்கு மின்மோட்டார்: கணக்கைத் தண்ணீரில் தொடங்குங்கள்

பாலாற்றை நம்பி யாரும் படகு செய்ய மாட்டார்கள். 2021 நவம்பரில் ஓடியதுபோல எப்போதாவது கரைபுரண்டு ஓடும். மற்ற நாளெல்லாம் மணல்தான். ஆனால் பழைய வட ஆற்காடு ஏரிகளின் சீமை. காவேரிப்பாக்கம் ஏரி தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. குடியாத்தத்துக்கு மேலே மோர்தானா அணை இருக்கிறது. இவை தவிர ஊருக்கு ஒரு ஏரி. இப்படிப்பட்ட நீரில் வலை போடவோ, மறுகரைக்குப் போய்வரவோ ஓடும் சிறு மரப்படகுக்கு மின்மோட்டார் கச்சிதமாகப் பொருந்தும். தூரம் குறைவு, பெரிய அலை இல்லை, அவசரமும் இல்லை.

இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் மோட்டாரில் தொடங்குகிறார்கள். பேட்டரி ஆட்டோவில் இருந்து கழற்றிய மோட்டார் ஒன்று கிடைக்கும். அதற்கேற்ற பேட்டரி வாங்குவார்கள், கடைசியில் கையில் கிடைத்த புரொப்பெல்லரை மாட்டுவார்கள். படகு ஓடும், ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். கணக்கை மறுமுனையில் இருந்து போட வேண்டும். படகை இந்த வேகத்தில் நகர்த்தத் தண்ணீர் எவ்வளவு விசை கேட்கிறது? அந்த விசையைக் கொடுக்க எந்த புரொப்பெல்லர்? அதைச் சுழற்ற எந்த மோட்டார்? பேட்டரி கடைசியில்தான் வரும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே மாதிரிப் படகை வைத்துக் கணக்குப் போடுவோம். 15 அடி நீளம், 4 அடி அகலம், மெரைன் பிளைவுட் அல்லது பலகையால் ஆனது. படகின் எடை 180 கிலோ, மூன்று பேர் 210 கிலோ, மோட்டார், பேட்டரி, வலை, சாமான் எல்லாம் சேர்த்து 50 கிலோ. மொத்தம் 440 கிலோ.

வேகத்தின் விலை

மிதக்கும் படகு எதற்கும் ஒரு வேக வரம்பு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5 ஆல் பெருக்கினால் அந்த வரம்பு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். நம் படகு நீரில் படியும் நீளம் 4.2 மீட்டர், வரம்பு 9.2 கி.மீ. அதை நெருங்க நெருங்கப் படகு தானே எழுப்பிய அலையின் சரிவில் ஏறப் பார்க்கும். அங்கே எவ்வளவு வாட்டைக் கொட்டினாலும் அலைதான் பெரிதாகும்.

வரம்புக்குக் கீழேயும் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்கு. நம் மாதிரிப் படகு மணிக்கு 5 கி.மீ. போக பேட்டரியில் இருந்து 240 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 6 கி.மீ.க்கு அது 415 வாட், 7 கி.மீ.க்கு 660 வாட். 8 கி.மீ.க்கு அலைத்தடையும் சேர்ந்துகொள்வதால் 1,200 வாட்டைத் தாண்டும். இதையே கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் 5 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 48 வாட்-மணி செலவாகிறது, 8 கி.மீ. வேகத்தில் 150. மூன்று கி.மீ. வேகம் கூடுதலாகக் கேட்டதற்கு அதே தூரத்துக்கு மூன்று மடங்கு பேட்டரி. சிக்கனமான படகு என்றால் முதலில் மெதுவான படகு. 5 முதல் 6 கி.மீ. வேகத்தை ஓட்டவேகமாக ஏற்றுக்கொள்ள மனமில்லாதவர்கள் பெட்ரோல் இயந்திரமே வாங்கிக்கொள்வது நல்லது.

கரையில் நடந்தே அளக்கலாம்

மேலே சொன்ன 240 வாட் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு படகுக்கும் இது மாறும். இதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். மூட்டை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றும் 25 மீட்டர் கயிறும் போதும்.

மணிக்கு 5 கி.மீ. என்பது விறுவிறுவென்று நடக்கும் வேகம். ஏரியில் ஆழம் கரையோரம்தான் இருக்கும், அதனால் கரைமேல் நடந்தபடியே படகை இழுக்கலாம். மதகு, உபரிநீர் வெளியேறும் கடைவாசல் பக்கம் போகாமல் நேரான கரையில் 100 மீட்டரை அளந்து இரண்டு குச்சி நடுங்கள். படகில் வழக்கமான சுமையை ஏற்றி, ஒருவர் துடுப்பால் திசை பிடிக்கட்டும். கயிற்றைப் படகின் முன்பகுதியில், முனையில் இருந்து ஓரடி பின்னே கட்டுங்கள். முனையிலேயே கட்டினால் படகு கரைக்கு இழுத்துக்கொண்டே வரும். கயிற்றின் மறுமுனையில் தராசு. 100 மீட்டரை 72 விநாடியில் கடந்தால் வேகம் 5 கி.மீ. தராசின் முள் ஆடும். நடுப்பகுதியில் அது எதைச் சுற்றி ஆடுகிறது என்று பாருங்கள். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று எடுத்துச் சராசரி போட்டால் காற்றின் பங்கு பெரும்பாலும் கழிந்துவிடும். காலை ஏழு மணிக்குள் செய்தால் காற்றே இருக்காது.

தராசு 7 கிலோ காட்டுகிறது என்று வைப்போம். 7 கிலோ என்பது ஏறத்தாழ 69 நியூட்டன். 5 கி.மீ. என்பது விநாடிக்கு 1.39 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 95 வாட். படகை நகர்த்த உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் வழியில் போகும் சேதாரம்.

எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். நல்ல லித்தியம் பேட்டரி 98 சதவீதம் கொடுக்கும், ஒழுங்கான கேபிள் 99, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 95, சரியான சுமையில் ஓடும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார் 84, பல்பெல்ட்டும் பேரிங்கும் 96. இவற்றை எல்லாம் பெருக்கினால் புரொப்பெல்லர் தண்டுக்கு 74 சதவீதம் வந்து சேர்கிறது. புரொப்பெல்லர் ஒன்று மட்டும் 54. அதையும் பெருக்கினால் 40. ஆக 95 வாட்டுக்கு பேட்டரி 240 வாட் கொடுக்க வேண்டும். பணத்தை எங்கே போடுவது என்பதற்கான விடையும் இந்த வரிசையிலேயே இருக்கிறது. விலை உயர்ந்த கன்ட்ரோலர் வாங்கி இரண்டு சதவீதம் மிச்சம் பிடிப்பதை விட, புரொப்பெல்லரைச் சரியாக எடுப்பதில் பத்துப் பதினைந்து சதவீதம் கிடைக்கும்.

அதற்கும் முன்னால் காசே செலவில்லாத ஒரு வேலை உண்டு. படகு ஓடும்போது பின்பலகைக்குப் பின்னால் தண்ணீர் கொதிப்பதுபோலச் சுழன்றுகொண்டு கூடவே வந்தால், பின்பக்கம் பாரம் அதிகம் என்று பொருள். ஓட்டுபவரும் மோட்டாரும் பின்னால்தான் இருப்பார்கள். எனவே பேட்டரியை நடுவுக்குச் சற்று முன்னே தள்ளுங்கள். பின்பலகையின் கீழ் விளிம்பு தண்ணீர் மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் தராசை மறுபடி மாட்டிப் பாருங்கள், எண் இறங்கியிருக்கும். அடிப்பலகையில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தாலும் இறங்கும்.

புரொப்பெல்லர்: பெரிதாக, மெதுவாக

புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளி படகை முன்னுக்கு நகர்த்துகிறது. நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளலாம், கொஞ்சத் தண்ணீரை வேகமாகவும் தள்ளலாம். கிடைக்கும் உந்துவிசை இரண்டிலும் ஒன்றே. ஆனால் வேகமாகத் தள்ளப்பட்ட தண்ணீர் அந்தச் சக்தியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நம் படகின் 69 நியூட்டனுக்குக் கணக்குப் போட்டால், 15 செ.மீ. விட்டமுள்ள புரொப்பெல்லர் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் 62 சதவீதத்தைத் தாண்ட முடியாது. 25 செ.மீ.க்கு அந்த உச்சவரம்பு 78, 30 செ.மீ.க்கு 83. நடைமுறையில் கிடைப்பது உச்சவரம்பில் முக்கால் பங்குக்கும் கீழே. 25 செ.மீ.க்கு 54 என்று எடுத்துக்கொண்டது அதனால்தான்.

அப்படியானால் 40 செ.மீ. போடலாமே? ஏரி விடாது. பாதி வற்றிய ஏரியில் கரைக்கு எதிர்ப்பக்க ஓரமெல்லாம் இரண்டடித் தண்ணீர்தான். புரொப்பெல்லரின் மேல்நுனி நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சாணாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். 25 முதல் 28 செ.மீ. நம் ஏரிகளுக்கு நல்ல சமரசம்.

அடுத்தது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற அளவு. 20 செ.மீ. பிட்ச் என்றால், தண்ணீர் வழுக்குவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய், சுற்றுக்கு 13 செ.மீ. உண்மையில் நகரும். 5 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 83 மீட்டர். எனவே தண்டு நிமிடத்துக்கு 640 சுற்று சுழல வேண்டும். 6 கி.மீ.க்கு 770. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மோட்டாரை முடிவு செய்வது இதுதான்.

பேட்டரி ஆட்டோவில் வரும் 48 வோல்ட், 1,000 வாட் வகை பி.எல்.டி.சி. மோட்டார்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு அருகில் ஓடுபவை. அதை நேராகத் தண்டில் கோத்தால் பெரிய புரொப்பெல்லரைச் சுழற்ற முடியாமல் மோட்டார் திணறும், ஆம்ப் எகிறும், காயில் சூடாகும். சின்ன புரொப்பெல்லரை மாட்டினால் ஓடும், ஆனால் மேலே சொன்ன 62 சதவீத உலகத்துக்குள் போய்விடுவோம். நடுவே 1:3 பல்பெல்ட் வைத்தால் தண்டுக்கு அதிகபட்சம் 1,000 சுற்று. 6 கி.மீ.யில் மோட்டார் 2,300 சுற்றில் நிம்மதியாக ஓடும். செயினும் போடலாம், சத்தமும் எண்ணெய்க் கசடும் கூடவே வரும். மோட்டார் வாங்கும்போது தனித் தண்டு உள்ளதைக் கேளுங்கள். டிஃபரன்ஷியலோடு சேர்ந்து வரும் வகையைப் படகில் பொருத்துவது வீண் தலைவலி.

"எதற்கும் இருக்கட்டும்" என்று 3 கிலோவாட் மோட்டார் வாங்குவதில் ஒரு சிக்கல். பெரிய மோட்டார் 240 வாட் சுமையில் ஓடும்போது அதன் செயல்திறன் 84இல் இருந்து 70க்கும் கீழே விழக்கூடும். சிறிய மோட்டார் முக்கால் சுமையில் ஓடுவதே மேல். ஆட்டோ கன்ட்ரோலர்கள் 50 ஆம்ப் வரை விடும்படி அமைக்கப்பட்டிருக்கும், அதாவது 2,400 வாட்டுக்கு மேல். ஆட்டோ மேட்டில் ஏறும் சில விநாடிகளுக்கு அது சரி. படகோ மணிக்கணக்கில் ஒரே சுமையில் ஓடுவது. கன்ட்ரோலரில் ஆம்ப் வரம்பை 25க்குக் குறைத்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

இந்த பெல்ட், தண்டு வேலைக்கெல்லாம் நேரமில்லாதவர்கள் பின்பலகையில் கவ்வும் ட்ரோலிங் மோட்டார் (புரொப்பெல்லரோடு சேர்ந்தே வரும் சிறு படகு மோட்டார்) வாங்கலாம். தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால் சூடாகாது, 25 செ.மீ.க்கு அருகில் புரொப்பெல்லரும் வரும். ஆனால் ஐந்து கியர் போல ஐந்து வேகம் வைத்த மலிவு வகைகளில் சில, குறைந்த வேகத்தில் மிச்சச் சக்தியை ரெசிஸ்டரில் எரிக்கின்றன. வேகத்தை வழவழவென்று கூட்டிக் குறைக்கும் வகையே நல்லது.

எந்த வகையானாலும் கால், அதாவது புரொப்பெல்லரைத் தாங்கித் தண்ணீருக்குள் இறங்கும் பகுதி, மேலே மடங்க வேண்டும். படகின் அடியில் ஓட்டை போட்டுத் தண்டை வெளியே கொண்டுவருவது கடலுக்குச் சரி. நம் ஏரிகளில் வறண்ட காலத்தில் முளைத்த சீமைக்கருவேலம் தண்ணீர் வந்த பின்னும் அடியில் முள்ளும் கட்டையுமாக நிற்கும். கட்டையில் மோதினால் கால் தானாக மேலே தூக்கிக்கொள்ள வேண்டும், அப்படியும் சிக்கினால் தண்டில் உள்ள பித்தளைப் பின் முறிந்து புரொப்பெல்லரைக் காப்பாற்ற வேண்டும். உதிரிப் பின் நான்கு, ஒரு இடுக்கி, வலைநூல் வெட்ட ஒரு கத்தி எப்போதும் படகில் இருக்கட்டும்.

ஏன் 12 வோல்ட் வேண்டாம்

கார் பேட்டரி கையில் இருக்கிறது என்பதால் 12 வோல்ட்டில் தொடங்குவது வழக்கம். 1,000 வாட் இழுக்கும்போது 12 வோல்ட்டில் 83 ஆம்ப் பாய்கிறது. 48 வோல்ட்டில் 21. கேபிளில் வீணாகும் சக்தி ஆம்ப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. பேட்டரியில் இருந்து மோட்டாருக்கு 4 மீட்டர், போகவர 8 மீட்டர், 10 சதுர மி.மீ. செம்புக் கேபிள் என்று வைத்தால், 48 வோல்ட்டில் 6 வாட் போகும். அதே கேபிளில் 12 வோல்ட் என்றால் ஏறத்தாழ 97 வாட். பத்தில் ஒரு பங்கு, வெறும் கம்பியைச் சூடாக்கவே. ட்ரோலிங் மோட்டார் 12 வோல்ட் என்றால் பேட்டரியை அதன் பக்கத்திலேயே வைத்து, 25 அல்லது 35 சதுர மி.மீ. கேபிள் போட வேண்டியிருக்கும்.

48க்கும் மேலே போகத் தேவையில்லை. 16 செல் கொண்ட எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி முழுச் சார்ஜில் 58.4 வோல்ட் வரும். ஈரக் கையோடு, ஈரப் பலகையில் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் 60 வோல்ட்டைத் தாண்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பேட்டரி: காற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

ஒரு நாளைக்கு நான்கு மணி நேர ஓட்டம், மணிக்கு 5 கி.மீ. என்றால் 960 வாட்-மணி. இந்த எண்ணோடு கடைக்குப் போனால் ஆடிக் காற்றில் நடு ஏரியில் நிற்க வேண்டிவரும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று, அதில் நாம் 5 கி.மீ. முன்னேறுகிறோம் என்றால் படகின்மேல் படுவது 25 கி.மீ. காற்று. படகும் ஆட்களும் ஒன்றரை சதுர மீட்டர் முகப்பு காட்டினால் அது 43 நியூட்டன், நான்கு கிலோவுக்கு மேல், பின்னுக்குத் தள்ளும். தண்ணீரின் 7 கிலோவோடு இதுவும் சேர்ந்தால் 240 வாட் என்பது 400 வாட் ஆகிவிடும்.

எனவே இரண்டு மணி நேரம் எதிர்க்காற்றில் 800 வாட்-மணி, திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு 480. மொத்தம் 1,280. பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் காலி செய்யாமல் வைக்க 1,600 வாட்-மணி. அதை 51.2 வோல்ட்டால் வகுத்தால் 31 ஆம்ப்-மணி. கடையில் 30ம் 40ம் இருக்கும். 40 எடுங்கள்; 2,048 வாட்-மணி. காற்றில்லாத நாளில் அதன் 80 சதவீதத்தில் 5 கி.மீ. வேகத்தில் 34 கி.மீ. போகலாம், 8 கி.மீ. வேகத்தில் 11 கி.மீ.தான்.

இந்த 40 ஆம்ப்-மணி பேட்டரியின் 80 சதவீதம் தருவதை ஈய-அமில பேட்டரியில் எடுக்க வேண்டுமானால், அவற்றைப் பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது என்பதால் ஏறத்தாழ 3,300 வாட்-மணி தேவை. எடை 80 கிலோவைத் தாண்டும், எல்.எஃப்.பி. சுமார் 20 கிலோ. கூடுதல் 60 கிலோவுக்கு நம் படகு கிட்டத்தட்ட 2 செ.மீ. கூடுதலாக அமிழும், தராசு எண்ணும் ஏறும். ஈய-அமிலம் முதல் வருடம் மலிவு. சில நூறு சார்ஜில் முடிந்துவிடும். எல்.எஃப்.பி. 2,000 சார்ஜுக்கு மேல் தாங்கும். ஈய-அமிலம்தான் என்று முடிவெடுத்தால், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் மூடிய பெட்டியில் வைக்காதீர்கள். இன்னொன்று: நான்கு பேட்டரித் தொடரில் கடைசி ஒன்றில் மட்டும் வயர் எடுத்து 12 வோல்ட் விளக்கும் தண்ணீர் இறைக்கும் பம்பும் ஓட்டுவது இங்கே சகஜம். அந்த ஒரு பேட்டரி மற்ற மூன்றை விட முன்னதாகக் காலியாகி, சில மாதத்தில் செத்து, முழுத் தொடரையும் கெடுக்கும். 48இல் இருந்து 12க்கு மாற்றும் டி.சி. கன்வர்ட்டர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

ஸ்கூட்டரில் இருந்து கழற்றிய பழைய லித்தியம் பேட்டரிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பல என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) வகை, சூட்டுக்கும் அடிக்கும் எல்.எஃப்.பி. போலத் தாங்காதவை, எரிந்தால் அணைப்பது கடினம். மரப்படகில், சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது அந்தப் பரிசோதனை வேண்டாம்.

வேலூர் வெயிலுக்கும் ஒரு வார்த்தை. அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், வெயிலில் கிடக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் 55, 60 டிகிரி சாதாரணம். எல்.எஃப்.பி.யை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. பெட்டியை உட்காரும் பலகைக்கு அடியில், நிழலில், கீழும் மேலும் காற்று போக வழிவிட்டு வையுங்கள், வெள்ளை அடியுங்கள். மத்தியானம் ஏரியில் இருந்து வந்த கையோடு சார்ஜில் போடாமல், சாயங்காலம் ஆறியபின் போடுங்கள்.

எல்.எஃப்.பி. வாங்கியவர்கள் ஏமாறும் இடம் வோல்ட் மீட்டர். 80 சதவீதத்தில் இருந்து 30 சதவீதம் வரை அது ஏறத்தாழ ஒரே வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருக்கும், பிறகு சட்டென்று விழும், பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ். துண்டித்துவிடும். உள்ளே போன ஆம்ப்-மணி, வெளியே வந்த ஆம்ப்-மணி இரண்டையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் அவசியம். துடுப்பும் அவசியம்.

வயரிங்கில் வரும் கோளாறுகள்

நின்றுபோன மின்படகுகளைப் பிரித்துப் பார்த்தால் மோட்டாரும் பேட்டரியும் நன்றாக இருக்கும், ஏதோ ஒரு இணைப்பு கருகியிருக்கும். காரணம் எளிது. கேபிள் முனையில் சுத்தியால் தட்டி ஒட்டிய லக்கில் (இணைப்பு வளையத்தில்) 0.05 ஓம் தடை இருந்தாலே, 23 ஆம்ப் பாயும்போது அந்த ஒற்றைப் புள்ளியில் 26 வாட் சூடு பிறக்கிறது. சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. அது தன்னைச் சுற்றியுள்ள காப்பை உருக்கி, தடையை இன்னும் கூட்டிக்கொள்ளும். லக்குகளை அறுகோண கிரிம்பிங் கருவியால் நசுக்கி, மேலே சுருங்கும் குழாய் போடுங்கள். முதல் ஓட்டத்தில் கால் மணி நேரம் போனபின் மோட்டாரை நிறுத்திவிட்டு, காப்பு உறைக்கு மேலாக ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கேபிளை விட இணைப்பு சூடாக இருந்தால் அதைப் பிரித்து மறுபடி செய்யுங்கள்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். மோட்டார் பக்கம் வைத்தால், நடுவழியில் கேபிள் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. நம் அமைப்புக்கு 40 ஆம்ப். ஆனால் காரில் போடும் கத்தி வடிவ ஃபியூஸ் வேண்டாம். அது 32 வோல்ட்டுக்கு உரியது, 50 வோல்ட்டில் உருகிய பிறகும் தீப்பொறி தொடர்ந்து பாயக்கூடும். வீட்டு மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்சான ஏ.சி. எம்.சி.பி.க்கும் இதே குறை உண்டு. ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் பொறி அணையும்; டி.சி.யில் அந்த இடைவெளியே இல்லை. சோலார் கடைகளில் டி.சி. என்று எழுதிய ஃபியூஸும் எம்.சி.பி.யும் கிடைக்கின்றன. ஓட்டுபவர் இடுப்பில் கட்டும் கயிற்றோடு ஒரு கில் சுவிட்ச்: அவர் தண்ணீரில் விழுந்தால் புரொப்பெல்லர் நிற்க வேண்டும்.

மரப்படகுக்கே உரிய ஒரு நோய் உண்டு. ஈர மரம் மின்சாரத்தை லேசாகக் கடத்தும். பேட்டரியின் ஏதாவது ஒரு முனை திருகு வழியாகவோ மோட்டார் உறை வழியாகவோ ஈரப்பலகையைத் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத கசிவு மின்னோட்டம் நாள்கணக்கில் ஓடும். ஒரு பக்கத்து உலோகம் அரிக்கும். மறுபக்கத்து உலோகத்தைச் சுற்றிக் காரம் உருவாகி மரத்தின் லிக்னினைக் கரைக்கும். திருகைச் சுற்றி மரம் வெளுத்துப் பஞ்சுபோல நார்நாராகப் பிரிந்தால் அது இதுதான், கரையான் மருந்து அடித்துப் பயனில்லை. எனவே இரண்டு முனைகளையும் எந்த உலோகத்தோடும் இணைக்காமல் தனியே விடுங்கள், திருகுத் துளைகளுக்குள் எபாக்ஸி தடவுங்கள், ஓட்டம் முடிந்ததும் மெயின் சுவிட்சை அணையுங்கள். சோதிக்க மல்டிமீட்டர் போதும்: பாசிட்டிவுக்கும் தண்ணீரில் உள்ள புரொப்பெல்லர் தண்டுக்கும் நடுவே நிலையான வோல்ட் காட்டினால் எங்கோ கசிகிறது.

தண்டுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் பலி உலோகத்தைத் தேர்வதற்கு நீரின் உப்பைப் பார்க்க வேண்டும். நன்னீருக்கு மக்னீசியம், உப்பு கலந்த நீருக்கு அலுமினியம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் பல இடங்களில் நீர் உப்பேறியிருக்கிறது. "ஏரித் தண்ணீர்தானே" என்று நம்பிவிட வேண்டாம். நீரில் கரைந்த உப்பை அளக்க ஆர்.ஓ. மிஷின்காரர் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனாவை விட்டுப் பாருங்கள். 500க்குக் கீழே என்றால் மக்னீசியம், ஆயிரங்களில் இருந்தால் அலுமினியம்.

சோலார் பலகை எங்கே?

கேரளத்தில் வைக்கத்தில் 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' படகைக் காட்டி, கூரையில் சோலார் போடலாமே என்பார்கள். அது 20 மீட்டர் நீளம், 75 பேர் ஏறும் படகு. கூரையில் 20 கிலோவாட் பலகை. 15 அடிப் படகு வேறு கதை.

330 வாட் பலகை ஒன்று ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர், 20 கிலோவுக்கு மேல். வேலூர் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் படுக்கையாக வைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கே வரும். ஆனால் வெயிலில் பலகை 65 டிகிரிக்குச் சூடாகும்போது ஏழில் ஒரு பங்கு திறன் போய்விடும். எல்லாம் கழித்து நல்ல நாளில் 1,200 வாட்-மணி வரும். நம் தினசரித் தேவைக்கு ஏறத்தாழ சரி. சிக்கல் இடத்தில்தான். நான்கடி அகலப் படகின்மேல் தலைக்கு மேலே 20 கிலோவை நிறுத்தினால் படகு ஆடும், காற்றுக்குப் பாய்மரமாகும், எதிர்க்காற்றுத் தடையும் கூடும். பலகையைக் கரையில், கொட்டகைமேல் போட்டு அங்கேயே சார்ஜ் செய்யுங்கள். ஒற்றைப் பலகையின் வோல்ட் 40ஐ ஒட்டியே இருப்பதால் 48 வோல்ட் பேட்டரிக்கு ஏற்ற, வோல்ட்டை உயர்த்தும் பூஸ்ட் வகை எம்.பி.பி.டி. (சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்) வேண்டும். இரண்டு பலகையைத் தொடரில் போட்டால் சாதாரண எம்.பி.பி.டி. போதும், ஆனால் 90 வோல்ட் வரும். கரையில் என்றால் பரவாயில்லை. மின் இணைப்பு இருந்தால் 10 ஆம்ப் சார்ஜர் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும், செலவு இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் கூட.

ஓட்டத்துக்குப் பின்

முதல் ஒரு மாதம் ஆம்ப் மீட்டரை நோட்டில் எழுதுங்கள். 5 கி.மீ.க்கு 5 ஆம்ப் காட்டியது ஒருநாள் அதே வேகத்தில் 7 காட்டினால், புரொப்பெல்லரில் ஆகாயத்தாமரை வேரோ வலைநூலோ சுற்றியிருக்கும். மெல்ல மெல்ல வாரக்கணக்கில் ஏறினால் பாசி, அல்லது மரம் நீர் குடித்து எடை கூடியிருக்கிறது. ஆம்ப் மாறாமல் வேகம் மட்டும் குறைந்தால் பெல்ட் பல் தாவுகிறதா என்று பாருங்கள்.

பெரிய ஏரிகள் நீர்வளத் துறையின் கையிலும், 100 ஏக்கருக்கும் குறைவான ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் கையிலும் இருக்கின்றன. இறக்கும் முன் அங்கே அனுமதி கேட்க வேண்டும். மீன்பிடி குத்தகை எடுத்தவரிடமும் சொல்லிவிடுங்கள். இயந்திரம் பூட்டிய படகு என்பதால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் இதற்குப் பொருந்துமா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சித்திரைக்குள் ஏரி வற்றிவிடும். பலகைப் படகை வெயிலில் கவிழ்த்துப் போட்டால் மரம் சுருங்கி இணைப்பு வாய் பிளக்கும். நிழலில், ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள். பேட்டரியைப் படகில் விடாமல் கழற்றி, முழுச் சார்ஜிலும் இல்லாமல் காலியாகவும் இல்லாமல் பாதியில் நிறுத்தி, வீட்டின் குளிர்ச்சியான அறையில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடி பாதிவரை ஏற்றுங்கள்.